நாலு ஸ்க்ரூ

வேலை முடிந்து வீடு வந்தால் எனக்கு முதலில் செத்துப்போவது இடது கைதான். சலவைக்கூடத்தில் வலது கை அழுத்தும், இடது கை இழுக்கும். ஈரப் படுக்கை விரிப்பை விறைப்பாக இழுத்துப் பிடிக்காவிட்டால் இஸ்திரி இயந்திரத்துக்குள் சுருண்டுகொள்ளும். சுருண்டதை எல்லாம் மேற்பார்வைக்காரி திரும்ப என் தலையிலேயே கட்டுவாள். நாள் முழுக்க இழுத்த கை, அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைத் தூக்கக்கூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்தக் கையால்தான் அண்ணனுடைய பேஸ் கிட்டாரின் முதல் கட்டத்துக்கும் நாலாவது கட்டத்துக்கும் விரலை விரிக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல் போய்ச் சேராது. சேர்ந்தால் அழுத்தாது. அழுத்திவிட்டால் விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை யாரோ கம்பி கோத்து இழுப்பது போல் வலிக்கும்.

கிட்டார் என்னைவிட வயதில் மூத்தது. கல் அறுக்கும் பட்டறையில் பலகைக் கல் தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணன் அதை வாங்கினார். அப்போதே அது பல கை மாறி வந்ததுதான். அவருடைய முழங்கை உரசிய இடத்தில் பெயிண்ட் தேய்ந்து உள்மரம் தெரியும். நெக்கின், அதாவது விரல் ஓடும் நீளக் கழுத்தின், பின்பக்கம் அவர் கட்டைவிரல் ஏறி இறங்கிய தடம் வழவழவென்று வேறு நிறத்தில் இருக்கும். வாரம் முழுக்கக் கல் தூக்குவார், வாரக் கடைசியில் ஒரு ஹோட்டல் மாடியில் மியூசிக் பேண்ட் ஒன்றோடு நின்று வாசிப்பார். கல்லில் நசுங்கி நகமே இல்லாத விரலோடும் வாசித்திருக்கிறார். ஒருநாள் காலை பல் துலக்கப் போனவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெதுவாகத் திரும்பி வந்தது. கோணிய வாய் முக்கால்வாசி நேரானது. கை மட்டும் வரவில்லை.

பேண்டில் ட்ரம்ஸ் வாசிப்பவர் குப்பை லாரி ஓட்டுகிறவர். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கேட்க வந்ததைக் கேட்காமல் ஊர்க்கதை எல்லாம் பேசினார். கடைசியில் அண்ணனே எடுத்துக் கொடுத்தார்.

"ஆள் பார்த்துட்டீங்களா?"

"பார்க்கலாம்ண்ணே. ஆனா வெளியாள் ஒருத்தன் வந்து நின்னுட்டான்னு வைங்க, நாளைக்கு நீங்க வரும்போது நகர மாட்டான். அதான் யோசனை."

"தங்கச்சி வாசிப்பா."

ட்ரம்ஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையில் விளக்குமாறு இருந்தது. "இஸ்திரியா?" என்றார். அன்றைக்கு வைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பியதும் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வழக்கம். அவருக்கு அது தெரியும். திரும்பி வந்து ஒரு தந்தியைத் தட்டிப் பார்ப்பார், சுருதியைச் சரிசெய்துகொள்வார், ஒன்றும் கேட்க மாட்டார். எனவே பாட்டு எனக்குப் பிரச்சினை இல்லை, கைதான் பிரச்சினை. அண்ணனுடைய கை அகலம். அந்த நீள நெக் அவருக்கென்றே செய்தது போல் இருக்கும். என் கைக்கு அது உலக்கை.

குட்டை நெக் வாங்கலாம் என்றவரும் அண்ணன்தான். கிட்டாரின் பழைய உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்தை நகர்த்தாமலே சுருதி சேரும்படி கட்டங்களை நெருக்கிச் செய்த நெக் கிடைக்கிறது என்று போனில் தேடிக் காட்டினார். அதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "உடம்புல கீறல் விழக்கூடாது. என் நெக் என்கிட்டயே இருக்கட்டும். கை வந்துருச்சுன்னா உன்னுதைக் கழட்டு, என்னுதை மாட்டு. நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான் வேலை." சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கதவு, ஜன்னல், நிலை செய்கிற தச்சர். கிட்டாரில் எதுவானாலும் அவர் தச்சுப் பேச்சில்தான் சொல்வார்: நெக் என்றால் 'பிடி'. "மண்வெட்டிக்குப் பிடி மாத்துறதில்லையா? கொடு இப்படி" என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்துக் கிட்டாரைக் குப்புறப் படுக்க வைத்தார். வேலை என்று வந்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. துளைக்கருவியின் முனையில், எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அடையாளமாகத் துண்டு டேப் சுற்றிக்கொண்டார். ஸ்க்ரூ மரையில் குளியல் சோப்பைத் தேய்த்தார், மரம் வெடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குமாம். இரண்டு ஓரத் தந்திகளும் நெக்கின் இரண்டு ஓரத்துக்கும் ஒரே தூரத்தில் போகின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உடம்பில் நெக் உட்காரும் குழியில் மட்டும் ஒரு பக்கம் காகிதம் நுழையுமளவுக்கு இடைவெளி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "ப்ச்" என்று உச்சுக்கொட்டினார். அந்த நேரத்தில் எனக்கு மதிய ஷிப்டு. அண்ணனைக் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் அப்படியே வேலைக்குப் போய்விட்டேன். ராத்திரி வந்து பார்த்தபோது கிட்டார் வேலை முடிந்து சுவரில் சாய்ந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, கொஞ்சம் தலை வெட்டிய கோழி மாதிரி.

என் கை அதில் சரியாக உட்கார்ந்தது. இத்தனை வருஷம் திருட்டுத்தனமாகத் தொட்ட ஒன்று, முதன்முறையாக என் அளவுக்கு வந்திருந்தது. ஹோட்டல் மாடியில் முதல் வாரம் பயந்துகொண்டே வாசித்தேன், அடுத்த வாரம் பயம் மறந்துபோய் வாசித்தேன். சாப்பிடுகிறவர்கள் யாரும் பேஸ் கிட்டாரைக் கேட்பதில்லை. ஆனால் நான் நிறுத்தினால் எல்லாமே காலி டப்பா மாதிரி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும், ட்ரம்ஸ்காரருக்குத் தெரியும். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. சலவைக்கூடத்தில் நான் நிறுத்தினால் இன்னொருத்தியை நிற்க வைப்பார்கள், அவ்வளவுதான்.

அண்ணனுடைய நீள நெக் அவர் அறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. காலையில் அதை எடுத்து மடியில் கிடத்திக்கொள்வார். தந்தி இல்லாத வெறும் கட்டை. வலது கையால் இடது விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, குழந்தையை வரிசையில் உட்கார வைப்பது போல் ஒவ்வொரு கட்டத்தில் வைப்பார். வைத்த விரல் சரியும். மறுபடி எடுத்து வைப்பார். கோபப்பட மாட்டார். பட்டறையில் ஒரு கல்லை ஏற்றும்போது எப்படி இருந்தாரோ அப்படியே இருப்பார்.

மழை பிடித்து நாலு நாள் ஈரக்காற்று அடித்ததும் தந்திகள் நெக்கிலிருந்து தூக்கிக்கொண்டன. அழுத்தி அழுத்தி என் விரல் நுனி கொப்பளித்தது. நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிப் பார்த்தோம், போதவில்லை. அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நெக் இம்மியளவு பின்னாடி சாயணும். கழட்டி, குழிக்குள்ள ஒரு துண்டு அட்டை வை. என் மாத்திரை டப்பாவைக் கிழிச்சுக்க" என்றார்.

நாலு ஸ்க்ரூவையும் கழற்றி அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். நெக்கைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. முழங்காலில் வைத்து ஆட்டினேன். அசையவில்லை.

"பழைய கட்டை, இறுகியிருக்கும். மெதுவா" என்றார் அண்ணன்.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வீட்டுக்காரர் வந்தார். "என்ன பண்றீங்க அண்ணனும் தங்கச்சியும்? ஸ்க்ரூவை ஏன் கழட்டுனே?"

"நெக் வர மாட்டேங்குதுங்க."

"எப்படி வரும்? யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. பசை போட்டிருக்கேன்ல."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க பசை? அதான் ஸ்க்ரூ இருக்கே."

"ஒரு காகிதம் நுழையுற சந்து இருந்துச்சு. ரெண்டு கட்டை சேருற மூட்டு, அதை ஸ்க்ரூவை மட்டும் நம்பி விடுறதெல்லாம் ஒரு வேலையா? எவனாவது பார்த்தா காறித் துப்புவான்."

"உள்ளுக்குள்ள யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்தேன்ல!"

"மாப்ள" என்றார் அண்ணன். "அது கழட்டுறதுக்குன்னு வச்ச மூட்டு."

"இதைப் போய் எதுக்கு மச்சான் கழட்ட..." என்று ஆரம்பித்தவரின் கண் கதவுக்குப் பின்னால் தொங்கிய நீள நெக்கில் போய் நின்றது. துவட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது. அவரிடம் யாருமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் என்னிடம் சொன்னார், நான் சரி என்றேன். அவர் காதில் விழுந்தது 'பிடி மாற்ற வேண்டும்' என்பது மட்டும்தான்.

"என் கை வராதுன்னு முடிவு பண்ணிட்டியா மாப்ள?"

"ஐயோ மச்சான். சத்தியமா கையை நான் நினைக்கவே இல்ல. மரத்தைத்தான் நினைச்சேன்."

அது உண்மை. அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அண்ணனுக்கும் அது தெரியும். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "அதான்டா உன் வியாதி" என்றார்.

"ஆவியில விட்டுரும்" என்றேன் நான். சூட்டுக்கும் ஆவிக்கும் எந்த ஒட்டும் நிற்காது, எங்கள் இயந்திரத்தில் சட்டைக் காலருக்குள் ஒட்டிய துணியே உரிந்து வந்திருக்கிறது. வீட்டுக்காரர் நெற்றியைச் சொறிந்தார். விடும்தான், ஆனால் பெயிண்டும் கூடவே பொரிந்து வரும், பழைய மரம், சிம்பு சிம்பாகப் பிய்ந்தால் குழியே போய்விடும் என்றார். சொல்லிவிட்டு, குற்றவாளி மாதிரி உள்ளே போய் மெல்லிய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். அது சூடாகும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரத்துணியைப் பிழிந்து மூட்டின் மேல் போட்டபோது என் கையில் அவசரம் இல்லை. பெட்டி சூடாகாமலே இருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அண்ணனுக்காக மட்டும் அப்படித் தோன்றியது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை.

பெட்டியைத் தூக்கினேன். அண்ணன் வலது கையை நீட்டி அந்த ஈரத்துணியின் மேல் வைத்தார்.

"சனிக்கிழமை வாசிப்பு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப இதைப் போட்டு வேகவைக்காத. மாப்ள, பாலத்துல தந்தியைத் தாங்குற துண்டு நாலு இருக்கு பாரு, அதோட அடியை அரத்தால கொஞ்சம் தேய்ச்சு விடு. தந்தி இறங்கும்."

வீட்டுக்காரர் உயிர் வந்த மாதிரி ஓடினார். அந்த வேலையில் அவர் காட்டிய கவனத்தைக் கல்யாணப் புதிதில் என்னிடம்கூடக் காட்டியதில்லை. தந்தி இறங்கியது. விரலுக்கு இதமாக இருந்தது. ஸ்டூலில் கிடந்த ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டலாம் என்று கையை நீட்டினேன். அதற்கு முன் அண்ணன் அதை உள்ளங்கையில் வாரிக்கொண்டார்.

"பசையிலயே நிக்கும்ல மாப்ள?"

"நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும் மச்சான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப இது என்னுது" என்று அண்ணன் நாலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மாடியில் நான் கிட்டாரைத் தூக்கித் தோளில் மாட்டும்போது ட்ரம்ஸ்காரர் என் முதுகுப் பக்கமாக வந்தவர், கிட்டாரின் பின்னால் பார்த்துவிட்டுக் கத்தினார். "ஏய் இஸ்திரி! நாலு ஓட்டை வாயைப் பொளந்துட்டு நிக்குது. பாட்டு நடுவுல நெக் தனியா உன் கையோட வந்துடப் போகுது!"

"வராது. பசை."

"யார் போட்ட பசை?"

"என் வீட்டுக்காரர்."

"அப்படின்னா உன்னைப் புதைக்கும்போதும் வராது" என்று குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்தார். வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். தாழ்ந்த தந்தி அதிரும்போதெல்லாம் அந்த நாலு ஓட்டையும் சட்டை வழியாக வயிற்றில் உரசின.

மறுநாள் காலை டீ கொடுக்கப் போனபோது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நீள நெக் மடியில் கிடந்தது. அதன் அடிப்பாகத்தில் இருந்த பழைய துளைகளில் நாலு ஸ்க்ரூவையும் விரலாலேயே பாதிவரை திருகி நிறுத்தி வைத்திருந்தார். உடம்புக்காகக் காத்திருக்கும் நாலு முளைகள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சுண்ணே."

"ட்ரம்ஸ்காரன் போன் பண்ணான். ரொம்ப நல்லா இருந்துச்சாம்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நாலாவது கட்டத்தில் வைத்திருந்த தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். விரல் சரியவில்லை. அழுத்தியதா, சும்மா கிடந்ததா, எனக்குத் தெரியவில்லை. டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு நின்றேன். ஸ்க்ரூக்களின் தலையில் வெயில் பட்டு மின்னியது.

என் நெக்கைப் பெயர்த்தெடுத்து, குழியைச் சுத்தம் செய்து, அவருடைய நெக்கை வைத்து, அந்த நாலு ஸ்க்ரூவையும் திருகி, கிட்டாரை அவர் கையில் கொடுக்க வேண்டும். அது நான் அண்ணனுக்குப் பட்டிருக்கும் கடன். இன்னும் அடைக்கவில்லை.