செங்கல்பட்டில் ஏறியவர்கள்

...உட்காரக் கூடாது, அவர்கள் எழுந்திருக்கும் வரை உட்காரக் கூடாது, அதுதான் முறை, மூன்று பேரும் வரிசையாக நிற்கிறோம், முன்னால் நான், எனக்குப் பின்னால் எழிலரசி, அவளுக்குப் பின்னால் ஞானம்மா அக்கா, எங்கள் இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழாம் நம்பர் இடத்தில் ஒரு புருஷன் பெண்சாதியும் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரும் சாவகாசமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார்கள், உரிக்கட்டும், கம்பெனியிலும் இப்படித்தான், முதல் ஷிப்ட்காரி கையில் இருக்கும் வேலையை முடித்து, ஸ்டூலைத் துடைத்துவிட்டு எழுந்த பிறகுதான் இரண்டாம் ஷிப்ட்காரி உட்காருவாள், அதுவரை பின்னால் நிற்பாள், பெல் அடிக்கும், மாறிக்கொள்வார்கள், ஒரு சண்டை கிடையாது... ரயிலில் பெல் எப்போது அடிப்பார்கள்? ஒன்பது மணிக்கா? செங்கல்பட்டில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது, ஏரிக் காற்று போய் இப்போது கருக்கலில் வயல் காற்று வருகிறது, ஜன்னல் ஓரத்து ஆள் எங்களை மேலும் கீழும் பார்க்கிறார், பார்க்கட்டும், மூன்று பேர் நெஞ்சிலும் கம்பெனி பேட்ஜ் இருக்கிறது, என் தோளில் பி.வி.சி. பைப் தொங்குகிறது, மெயின்டெனன்ஸில் அறுத்து இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார்கள், உள்ளே எங்கள் நாலு சார்ட், கசங்காமல். பைப்பைப் பார்த்துவிட்டு இதென்ன குழாய் வேலைக்குப் போகும் பொம்பளைகளா என்று நினைப்பார்களோ என்னமோ, நினைத்தால் நினைக்கட்டும், நாளை பத்து மணிக்கு மதுரையில் மேடை ஏறுகிறவர்கள் நாங்கள்.

மறைமலை நகரில் எங்கள் கம்பெனி மாதிரி எத்தனையோ, வண்டிக்குள் போகும் ஒயர்களைக் கட்டித் தருகிற கம்பெனி, ஒரு லைனுக்கு எட்டு பெண்கள், எட்டு இடம், என்னுடையது ஏழாவது. குவாலிட்டி சர்க்கிள் என்று ஒன்று ஆரம்பித்தார்கள், லைனில் இருப்பவர்களே வாரம் ஒருநாள் கூடி உட்கார்ந்து தப்பு ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், முதலில் எல்லோரும் டீக்காகத்தான் வந்தோம், பொய் சொல்வானேன்... ஆனால் நான்தான் கேட்டேன், ஆயிரத்துக்குப் பத்தொன்பது பீஸ் ஒயர் மாறிப் போய்த் திரும்பி வருகிறதே, ஏன்? பச்சையில் பழுப்புக் கோடா, பழுப்பில் பச்சைக் கோடா என்று சந்தேகம் வருகிறது. ஏன் கேட்கவில்லை? சூபர்வைசர் திட்டுவார். ஏன் திட்டுவார்? ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிவரைக்கும் போனால் கடைசியில் இருந்தது ஒயரும் இல்லை, சூபர்வைசரும் இல்லை, கேட்க வெட்கம், அவ்வளவுதான். அதற்குத்தான் சிவப்பு அட்டை, அதுவும் என் யோசனை, சந்தேகம் வந்தால் வாயைத் திறக்க வேண்டாம், தலைக்கு மேல் கொக்கியில் அட்டையை மாட்டிவிடு, யாரும் திட்டக் கூடாது, வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். எட்டு மாதத்தில் நாற்பத்தாறு தடவை அட்டை ஏறியது, பத்தொன்பது இப்போது மூன்று, ஆயிரத்துக்கு மூன்று! அந்த மூன்று மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது, கேட்டால் சப்ளையர் ஒயரில் சாயம் மங்கல் என்று சொல்லிவிடலாம், அதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். நாளை மதுரையில் குவாலிட்டி சர்க்கிள் போட்டி, மேடையில் காட்ட என் இடத்து அட்டையையே கழற்றி எடுத்து வந்தேன், மற்றவர்களுடையது எல்லாம் எண்ணெய்க் கையும் வேர்வையுமாகக் கறுத்துக் கிடக்கிறது, என்னுடையதுதான் பளிச்சென்று புதிதாக இருந்தது.

பர்சனல் டிபார்ட்மென்ட்டில் தமிழ்வாணன் சார் கூப்பிட்டு உட்கார வைத்தார், என்னை, ஏழாம் இடத்துக் காந்திமதியை, நாற்காலியில். "லேடீஸ் மட்டும் நைட் ட்ரெயின்ல எப்டிம்மா அனுப்புறது, கூட ஒரு சூபர்வைசரப் போடட்டா?" என்றார், சூபர்வைசர் வந்தால் யார் மேடை ஏறுவார்கள் என்று தெரியாதா, மைக்கை யார் பிடிப்பார்கள், நாங்கள் மூவரும் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் கம்பம் மாதிரி நிற்க வேண்டியதுதான். "வேணாம் சார், நான் ரெண்டு தடவ நைட் வண்டில போயிக்கிறேன், எனக்கு எல்லாம் அத்துப்படி" என்று சொல்லிவிட்டேன். போனதில்லை. ஒரு தடவைகூடப் போனதில்லை, தாம்பரம் தாண்டியதே கிண்டியில் இறங்கி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான், அதுவும் கரண்ட் வண்டியில்... ஆனால் பொய் சொன்னாலும் வேலை நடந்ததா இல்லையா? ஒரு மாதமாக யார் ரயிலைப் பற்றிப் பேசினாலும் காதைக் கொடுத்துக் கேட்டேன், கான்டீனில், கம்பெனி பஸ்ஸில், எல்லாவற்றையும் சேர்த்து இன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது இவர்களுக்கு வகுப்பே எடுத்தேன், பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் பேர் ஒட்டியிருப்பார்கள், பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும், வண்டி நிற்கும்போது கக்கூஸ் போகக் கூடாது, யாராவது பிஸ்கட் கொடுத்தால் வாங்கக் கூடாது, பையைச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும், எழிலரசி வாயைப் பிளந்து கேட்டாள், "இன்னாக்கா, நீ கார்டாவே போலாம் போல கீது" என்றாள். வீட்டில் அவரும் கேட்டார், கோதண்டத்துக்கு மனசு கேட்கவில்லை, "எக்மோர் வரிக்கும் வந்து ஏத்தி வுட்டுட்டு வரட்டா?" என்றார், எதற்கு எக்மோர், இதோ இருபது நிமிஷத்தில் செங்கல்பட்டு, வண்டி எங்கள் ஊர்ப் பக்கம் வந்துதானே போக வேண்டும், மூக்குக்கு முன்னால் வரும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் பின்னால் போய் ஏறுவதற்கு நான் என்ன பைத்தியமா என்றேன். எங்கள் பெட்டி எஸ்-4 எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் போர்ட்டரைக் கேட்டிருக்கலாம், அதையும் கேட்கவில்லை, வண்டி வந்து நின்றதும் ஆறு பெட்டி தூரம் ஓடினோம், பேர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக்கூட நேரம் இல்லை, ஞானம்மா அக்காவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. நாற்பத்தெட்டு வயது, எட்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு இப்போது என் பேச்சைக் கேட்டு நின்றுகொண்டிருக்கிறது.

"எங்கம்மா எறங்கணும்? திண்டிவனமா?" ஜன்னல் ஓரத்து ஆள்தான் கேட்டார், பாவமாகக் கேட்கிறார், நிற்கிறோமே என்று. மதுரை, ரிசர்வேஷன் என்று டிக்கெட்டை நீட்டினேன், நீங்கள் எழுந்ததும் உட்கார்ந்துகொள்கிறோம், அவசரம் இல்லை என்றேன், மரியாதையாகத்தான் சொன்னேன், அவர் டிக்கெட்டைப் பார்த்தார், பிறகு தன் சட்டைப் பையிலிருந்து அவருடையதை எடுத்துக் காட்டினார், அதன் பின்பக்கம் நீல மையில் எஸ்-4, இருபத்தைந்து, இருபத்தாறு, பெரியவருடையதில் இருபத்தேழு, கையெழுத்தோடு. "ஆர்.ஏ.சி.யில வெயிட் பண்ணிட்டிருந்தோம், ஆள் வரலன்னு தாம்பரம் தாண்டி டி.டி.ஆர்.தான் போட்டுக் குடுத்தாரு." ஆள் வரவில்லையா? நாங்கள்தான் வந்திருக்கிறோமே, பேட்ஜோடு, பைப்போடு... என் டிக்கெட்டை நானே திருப்பிப் பார்க்கிறேன், மெட்ராஸ் எழும்பூர் டு மதுரை, கம்பெனியில் கையில் கொடுத்த நாளிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மதுரை என்ற வார்த்தையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பின்னால் ஞானம்மா அக்கா, "இன்னா சொல்றாரு? நம்ம எடம் இல்லியா?" என்று கேட்கிறது. இறக்கிவிட்டுவிடுவார்களா, திண்டிவனத்தில் இறங்கி ராத்திரியில் நின்றால் நாளை பத்து மணிக்கு மேடையில் எங்கள் கம்பெனி பேரைக் கூப்பிட்டால் ஏற யார் இருப்பார்கள், திங்கட்கிழமை தமிழ்வாணன் சார் ஒன்றும் சொல்ல மாட்டார், சும்மா தலையை ஆட்டுவார், அதற்கப்புறம் எந்த லைன் பெண்ணும் சூபர்வைசர் இல்லாமல் மறைமலை நகரைத் தாண்ட மாட்டாள்.

கறுப்புக் கோட்டோடு டி.டி.ஆர். வந்தபோது முதலில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா, அதிகாரம்தான், இது கம்பெனி டிக்கெட், நாங்கள் அடிக்கடி போகிறவர்கள், எப்படி எங்கள் இடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பீர்கள் என்று ஆரம்பித்துவிட்டேன், அவர் அசரவில்லை, மதுரைப் பக்கத்து ஆள் போலிருக்கிறது, "அடிக்கடி போறவுகன்னா தெரிஞ்சிருக்கணுமேம்மா, எக்மோர்லேர்ந்து டிக்கெட்டு, செங்கல்பட்டுல ஏறுறதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் குடுத்து மாத்தியிருக்கணும், நீங்க வருவீகன்னு நான் சோசியமா பாக்க முடியும்?" என்றார். அடிக்கடி போகிறவர்கள்... அவர் அடுத்த வரிசைக்கு நகரப் போகிறார், கையில் அட்டவணை, பேனா, போய்விட்டால் போய்விட்டார், எழிலரசி என் முகத்தையே பார்க்கிறாள், எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி வந்தவள், அவள் முன்னாலா... அவள் முன்னால்தான். "சார், எனக்குத் தெரியாது சார்" என்றேன். "நைட் வண்டில ஏறுறதே இதான் மொத தடவ. மூணு பேருக்கும். இன்னா பண்ணணும்னு நீங்கதான் சொல்லணும்." எவ்வளவு சின்ன வாக்கியம், ஒரு மாதம் அதைச் சொல்லாமல் இருக்க என்ன பாடு பட்டேன். பின்னால் ஞானம்மா அக்கா, "அப்ப ரெண்டு தடவ போனேன்னியே?" என்றது, மெதுவாகத்தான் சொன்னது, எனக்குக் கேட்கிற அளவுக்கு.

அவர் முகம் மாறிவிட்டது, அதைத்தான் நம்ப முடியவில்லை, அதிகாரமாகப் பேசியபோது இரும்பு மாதிரி நின்றவர், தெரியாது என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அங்கேயே சீட் ஓரத்தில் உட்கார்ந்து அட்டவணையைப் புரட்டுகிறார், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன், குவாலிட்டி சர்க்கிள், மேடை, சிவப்பு அட்டை வரைக்கும் சொன்னேன், "பரவாயில்லையே, எங்க ஆபீசுக்கும் அத ஒண்ணு குடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தார், கேலியா நிஜமா தெரியவில்லை, எனக்கு நிஜமாகவே பட்டது, பெருமையாகத்தான் இருந்தது, பொய்யோடு வராத பெருமை. கடைசிப் பக்கத்தில் இரண்டு பெர்த் காலியாக இருந்தது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று, கீழும் நடுவும், மூன்றாவது விழுப்புரத்தில் ஆள் வராவிட்டால் பார்க்கலாம், வந்துவிட்டால் இல்லை, அதுவரை சமாளித்துக்கொள்ளுங்கள் என்றார், டிக்கெட்டுக்குப் பின்னால் நீல மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். சாப்பாட்டுக்கு ஆள் வந்து எழுதிக்கொண்டு போவார், விழுப்புரத்தில் ஏற்றித் தருவார்கள், தலையணை போர்வை எல்லாம் இந்த வகுப்பில் கிடையாது என்று அவராகவே சொன்னார், ஒவ்வொன்றாக, கேட்காமலே. ஞானம்மா அக்கா அதற்குள் டிபன் தட்டை எடுத்துக்கொண்டு எந்தப் பெட்டியில் கான்டீன், எங்கே கியூவில் நிற்க வேண்டும் என்று கிளம்பிவிட்டது, பிடித்து உட்கார வைத்தோம், மூன்று பேருக்கும் சிரிப்பு, செங்கல்பட்டில் ஏறியதிலிருந்து முதல் சிரிப்பு. நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டத் தெரியாமல் எதிர் ஆள் ஒருவர் திணறிக்கொண்டிருந்தார், எழிலரசி ஒரு பார்வை பார்த்தாள், கொக்கியைத் திருப்பிப் போட்டு அவருடையதையும் மாட்டினாள், எங்களுடையதையும் மாட்டினாள், நாளெல்லாம் கனெக்டர் மாட்டுகிற கை அது, யாரிடம்!

திண்டிவனம் தாண்டிவிட்டது. அக்கா கீழே படுத்துவிட்டது, கால்மாட்டில் எனக்கு இடம் ஒதுக்கி முழங்காலை மடக்கிக்கொண்டது, கோபம் இல்லை போலிருக்கிறது, "எனிக்காவது சொல்லியிருக்கலாமில்லடி" என்று மட்டும் சொன்னது. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று. நிஜமாகவா? ஏன்... ஏன்... ஐந்து தடவை கேட்கவே வேண்டாம், இரண்டாவதிலேயே அடி தட்டிவிடுகிறது. மடியில் பைப் கிடக்கிறது, உள்ளே நாலாவது சார்ட், எட்டு இடத்துக்கும் எதிரே எத்தனை தடவை அட்டை ஏறியது என்று நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன், எழிலரசிக்கு நேரே பதினொன்று, அக்காவுக்கு நேரே ஆறு, ஏழாம் இடத்துக்கு நேரே ஒரு சுழி, அந்தச் சுழியை மட்டும் கொஞ்சம் பெரிதாக, அழகாகப் போட்டேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, எனக்குச் சந்தேகமே வந்ததில்லை என்று... வந்ததில்லையா? மார்ச் மாதம் கரண்ட் மங்கலாக வந்த அன்று, பழுப்பா கறுப்பா என்று இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கும் என்று செருகினேனே? அன்று மட்டும்தானா?

"யக்கா" என்று மேலிருந்து எழிலரசி தலையை நீட்டுகிறாள், தூங்கவில்லை, "நாளிக்கு ஜட்ஜுங்க கேட்டா இன்னா சொல்றது, மீதி அந்த மூணு எங்கேர்ந்து வருதுன்னு? சாயம் மங்கல்னே சொல்லிடலாமா?" விழுப்புரம் வரப்போகிறது, வண்டி மெதுவாகிறது, எனக்கு இடம் உண்டா இல்லையா என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், ஏழாம் இடம் என்று என் கையெழுத்து, எட்டு மாதத்து அட்டை, ஒரு விரல் அழுக்குகூட இல்லை.