கட்டுக்குள் எறும்பு

அம்புஜவல்லிக்கு வாய் அடங்கும், கை அடங்காது. புக்ககத்தில் எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தை இன்னொரு தரம் தேய்ப்பாள். உலர்கிற துணியை நடுவில் போய்த் திருப்பிப் போடுவாள். அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து, "ஒண்ணும் செய்யாம இரும்மா, அதான் உன் வேல" என்று சொல்லி அனுப்பினாள் ஆஸ்பத்திரி நர்ஸ். நல்ல ஆளாகப் பார்த்துச் சொன்னாள் போங்கள்!

விஷயம், அவள் கணவர் எம்பாரின் வலது கை. எம்பார் திருவள்ளூர்க் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் உறவுக்காரர் வீட்டுச் சீமந்தத்துக்கு ஒத்தாசையாகப் போன இடத்தில், கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை சாய்ந்து முழங்கையில் கொட்டிவிட்டது. புண் ஆறியது. ஆனால் ஆறின இடத்தில் தோல் தடித்துச் சுருங்கி, முழங்கையை உள்பக்கமாக இழுத்துக்கொண்டது. மடங்கின கை மடங்கினதுதான், நீட்ட வராது. இலையில் இருக்கிற சோற்றை எட்ட முடியாமல் குனிந்து குனிந்து சாப்பிடுவார். பெருமாள் முன்னால் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சேவிக்கும்போது இவர் மட்டும் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். தளிகைப் பானையைத் தூக்க முடியாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தத் தழும்பை அறுத்து விட்டு, தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து அங்கே ஒட்டினார்கள். எழுபதுகளின் ஆரம்பம் அது. ஒட்டு மாங்கன்று தெரியும், ஒட்டுத்தோல்கூட உண்டா என்று தெருவே வாயைப் பிளந்தது. முதல் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், நடுவில் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஓரத்தில்தான் சந்தேகம் என்றார். ஓரம் பிடிக்காவிட்டால் கை பழையபடி மடங்கிக்கொள்ளும். மறுபடி அறுக்க வேண்டும், மறுபடி தொடையில் கை வைக்க வேண்டும். இப்போதைக்குக் கையை நீட்டினபடியே மாவுக்கட்டுப் பலகை கொடுத்துச் சுற்றிக் கட்டி, அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாசல் வரைக்கும் வந்து புத்தி சொன்ன அந்த நர்ஸ், விக்டோரியா சிஸ்டர். கும்மிடிப்பூண்டிக்காரி. அண்ணன்மார் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் உலைக்கு முன்னால் நிற்கிறவர்கள். தீப்புண் என்றால் அவளுக்கு வீட்டுப் பேச்சு மாதிரி.

"இன்னா சொல்றேன் கேட்டுக்க. கட்ட நனைக்கக் கூடாது. அவுக்கக் கூடாது. உள்ள அரிக்கும். அரிச்சா நல்லதுதான், தோலு புடிக்குதுன்னு அர்த்தம். அதுக்காக குச்சிய வுட்டு நோண்டாதீங்க சாமி. தொடையில ஒட்டிக்கினு இருக்கிற துணி தானா உதுரும், பிச்சுப் போடாதே. ஊட்டுக்குப் போயி எதனா வைத்தியம் பண்ணிக்கினு வந்தே, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

இதை முக்கால்வாசி அம்புஜவல்லியைப் பார்த்துத்தான் சொன்னாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அம்புஜவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தொடையில் காய்ந்த துணியின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு, வா வா என்று அவளைக் கூப்பிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அந்த மட்டுக்கும் அவளைப் பாராட்ட வேண்டும். மூன்றாம் நாள் அவளால் முடியவில்லை.

திருவள்ளூரில் இருந்துகொண்டு உடம்பில் ஒரு மரு, ஒரு தேமல் என்றால் குளத்தில் வெல்லம் கரைக்காதவர்கள் யார்? வெல்லம் கரைகிற மாதிரி வந்தது கரையட்டும் என்று ஊர் ஊராக ஜனங்கள் ரயில் ஏறி வந்து கரைத்துவிட்டுப் போகிறார்கள். கோயில் கைங்கரியம் பண்ணுகிற வீட்டுக்காரி, குளத்தை எதிரே வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? காலையில் தீர்த்தமாடிவிட்டு ஒரு அச்சு வெல்லத்தைக் குளத்தில் கரைத்தாள். அதோடு வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. இன்னொரு அச்சை ஒரு செம்புத் தீர்த்தத்தில் கரைத்துப் பாகாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானம் எம்பார் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தார். அம்புஜவல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். நனைக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் சொன்னது குழாய்த் தண்ணீரை. பெருமாள் தீர்த்தத்தைப் போய் அதோடு சேர்க்கலாமா? அதுவும், தெப்பலாகவா நனைக்கப் போகிறோம்? டாக்டருக்கு ஓரத்தில்தானே சந்தேகம்? ஓரம் இருக்கிற இடமாகப் பார்த்து, கட்டின் மேலே விரலால் தொட்டுத் தொட்டு வைத்தாள். கொஞ்சம் போதாது என்று தோன்ற, மடிப்புக்குள்ளும் நாலு சொட்டு விட்டாள். அப்பாடா! வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவளுக்கு மனசு நிம்மதியாயிற்று.

மறுநாள் காலை எம்பார் முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டார்.

"அம்புஜம்! அரிக்கறதுடி! ராத்திரியிலேர்ந்து குறுகுறுன்னு ஒரே அரிப்பு. ஓரமெல்லாம் பிடிக்கறது போல இருக்கு!"

ஓடி வந்து பார்த்தாள். சுவரிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து கட்டுக்கு, பொடி எறும்புச் சாரை ஒன்று தங்கு தடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது. மடிப்பு மடிப்பாகப் புகுந்து மறைந்தது. எம்பாருக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடியோ அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள்.

பாயை மாற்றினாள். சுவரோரம் மஞ்சள்பொடி தூவினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஊதி ஊதிப் பார்த்தாள். வெளியே இருக்கிறது போகும், உள்ளே போனது? உள்ளே பச்சைத் தோல் அல்லவா இருக்கிறது? பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற ஓரத்தை எறும்பு அரித்துவிட்டால் எல்லாம் போச்சு. இந்த மனுஷர் இன்னும் எத்தனை வருஷம் மூலையில் காய் நறுக்குவார்? பாவி, பாவி என்று அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டாள். சொன்னால் அவர் மனசு உடைந்துவிடும். சொல்லாமல் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எறும்புக்குக் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது.

"ஏன்னா, நாளைக்கே பட்டணம் போயிடலாம்னா."

"எதுக்கு? செவ்வாக்கிழமைன்னா சொன்னா."

"பெருமாள் ஸ்வப்னத்துல வந்தார். சீக்கிரம் அழைச்சிண்டு போன்னார்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். எம்பார் எழுந்து உட்கார்ந்து இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என் ஸ்வப்னத்துல வரப்படாதோ? சரி, உத்தரவாயிடுத்து. கிளம்பு." அவர் இவ்வளவு சுலபமாக நம்பினதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

காலைப் பாசஞ்சரில் உட்கார இடம் கிடைத்தது. கட்டுப் போட்ட கையை மடியில் நீட்டி வைத்துக்கொண்டு எம்பார் நல்ல பேச்சு உற்சாகத்தில் இருந்தார். எதிரே உட்கார்ந்தவர் யேசுதாஸ், அம்பத்தூர் கம்பெனி ஒன்றுக்கு ஷிப்டுக்குப் போகிறவர். ஒட்டுத்தோல் கதையை அவரிடம் ஆதியோடந்தமாகச் சொன்னார். "இப்போகூடப் பாருங்கோ, குறுகுறுங்கறது. அப்படீன்னா பிடிக்கறதுன்னு அர்த்தமாம்."

யேசுதாஸ் குனிந்து பார்த்தார். அம்புஜவல்லியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவருக்கு அது புரியவில்லை.

"சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. கட்டுல எறும்பு போய்க்கினு வந்துக்கினு இருக்குது."

"எறும்பா?"

"ஆமா சாமி. கொள்ள எறும்பு."

எம்பாரின் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். இனி மறைத்து என்ன? குளம், வெல்லம், செம்பு, மத்தியானத் தூக்கம் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தாள் அம்புஜவல்லி.

"அப்போ அந்த ஸ்வப்னம்?"

"அதுவும் பொய்தான்னா."

"ரெண்டு நாளா அரிக்கறதே அரிக்கறதேன்னு சந்தோஷப்பட்டேனே, அசடு மாதிரி…" என்றார் எம்பார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திட்டுங்கோளேன். வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டுங்கோளேன்."

"திறந்தா என்ன வருமோ எனக்கே தெரியாது. பேசாம வா."

திருநின்றவூர் போயிற்று, ஆவடி போயிற்று. அவர் திரும்பவே இல்லை. அவர் கண் கலங்கியிருப்பது பக்கவாட்டில் தெரிந்தது. அதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம் என்று அம்புஜவல்லிக்குத் தோன்றியது. யேசுதாஸ் மட்டும் அம்பத்தூர் வரும் வரைக்கும் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு எறும்பைத் தட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "ஒண்ணும் ஆவாது சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் விக்டோரியா சிஸ்டர் தூரத்திலேயே இடுப்பில் கை வைத்தாள். "செவ்வாக்கெழம தானே வரச் சொன்னேன்?"

அம்புஜவல்லி நேரே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்மா பாவி. வெல்லத் தீர்த்தம் விட்டேன். எறும்பு வந்துடுத்து. என்னை என்ன வேணா சொல்லு, அவர் கையைக் காப்பாத்திக் குடு."

"வெல்லமா? இன்னாமா, கையில பாயசம் வைக்கிறியா? ஐயோ, உன்னோட பெரிய பேஜாராப் போச்சே!"

திட்டிக்கொண்டே மேஜையில் உட்காரவைத்துக் கத்திரியை எடுத்தாள். டாக்டரும் வந்து நின்றார். மேல் சுற்றுப் பிசுபிசுவென்று பிரிந்தது. எறும்புகள் நாலாபக்கமும் சிதறின. அடுத்த சுற்றிலும் எறும்பு. அம்புஜவல்லி கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த திருநாமத்தையெல்லாம் முன்னும் பின்னுமாக முணுமுணுத்தாள். அடுத்தது பஞ்சு, மேலே கொஞ்சம் கறை, அடியில் காய்ந்து கிடந்தது. அப்புறம் வாஸலின் தடவின வலைத்துணி. விக்டோரியா அதை நுனியில் பிடித்து, மருந்து விட்டு ஊறவைத்து, பூ மாதிரி எடுத்தாள்.

"கண்ணத் தெறம்மா" என்றாள் விக்டோரியா.

இளஞ்சிவப்பாக, நாலு ஓரமும் படிந்து, கையோடு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது தோல். ஒரு எறும்புகூட அதுவரைக்கும் வந்து சேரவில்லை. "ஓரமெல்லாம் நல்லாப் பிடிச்சிருக்கு. அறுக்க வேண்டிய அவசியமே இல்லை" என்றார் டாக்டர். அம்புஜவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெருமாளே, பெருமாளே என்று கும்பிட்டாள். எம்பார் பெருமூச்சு விட்டார், சிரித்தார், மறுபடி பெருமூச்சு விட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த விக்டோரியாவும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எந்திரி. இப்பவாச்சும் ஒழுங்காக் கேளு. உன் கைக்கு நெஜமாவே வேல வந்திருக்குது. இந்தத் தோலுக்கு சொந்தமா எண்ணெ ஊறாது. காஞ்சா வெடிக்கும். அதனால வெறும் தேங்கா எண்ணெ, வாசன கீசன போட்டது வாணாம், காலையில சாயங்காலம் மெதுவாத் தடவு. குளிச்சா துண்டால தேய்க்காதே, ஒத்தி எடு. வெயில் பட்டா கறுத்துப்பூடும், மூடிக்கினு போகச் சொல்லு. படுக்கறப்ப பலகை வச்சுக் கட்டு. அடுப்பாண்ட டாக்டரு சொல்ற வரைக்கும் போக வாணாம்."

"தினம் தடவலாமாம்மா?"

"தடவும்மா தாயே, ஆச தீரத் தடவு. எண்ணெ மட்டும்!"

டாக்டர் எம்பாரிடம், மெதுவாக மடக்கி நீட்டச் சொன்னார். மடக்கினார். நீட்டினார். நீட்டுகிற வரைக்கும் கை போய்க்கொண்டே இருந்தது. தன் விரல்கள் அவ்வளவு தூரத்தில் இருப்பதை எம்பார் நம்பாமல் பார்த்தார். பிறகு, மேஜைக்கு எதிர்ப்பக்கம் எட்ட நின்றுகொண்டிருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தார். ரயிலில் 'பேசாம வா' என்றதற்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"தலையைக் காட்டு."

"கிட்ட வரட்டுமான்னா?"

"வராதே. அங்கேயே நில்லு."

அம்புஜவல்லி நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்தாள். எம்பார் கையை நீட்டினார். மேஜையைத் தாண்டி மெதுவாக வந்த கை அவள் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு குட்டியது.

"கை எட்டறதுன்னா!" என்றாள் அவள். "இன்னொண்ணு குட்டுங்கோ."