பொய்ப்பல் ஊறிய தண்ணீர்

1983ஆம் ஆண்டு சித்திரை மாதம், கொட்டாம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், கருத்தக்கண்ணன் தன் பொய்ப்பல்லைக் கழற்றி ஊறப்போட்ட டம்ளரிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்து, வாசலைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டி, வறண்டு கிடந்த அவன் கிணற்றில் போய் விழுந்தது. விடிந்ததும் அளந்து பார்த்தார்கள். நாலு முழம் இருந்தது.

அந்தக் கிணறு வறண்டதால்தான் பல்லே போனது. கொஞ்சமாவது ஊறியிருக்கும் என்று நம்பி தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினைச் சுற்றினான். ஹேண்டில் உதறி வாயில் அடித்ததில் பல் ஒன்று தெறித்தது. மதுரை பல் டாக்டர் பீர் முகமது, எலும்பில் திருகாணி இறக்கி நிலையான பல் வைக்கலாம், ஆனால் திருகாணி கப்பலில் வரவேண்டும், புண்ணும் ஆறவேண்டும், ஒரு வருஷம் பிடிக்கும் என்றார். அதுவரை ஓட்டையோடு திரியலாம், பக்கத்துப் பல்லோடு ஒட்டலாம், இல்லையென்றால் தகட்டில் கட்டிய ஒற்றைப் பல்லை மாட்டிக் கழற்றலாம். பக்கத்துப் பல்லும் ஆடியதால் தகடுதான் வாய்த்தது. “ராத்திரி கழட்டித் தண்ணியில போட்ருங்க தம்பி, காஞ்சா கோணிக்கும்” என்றார். அவனுக்குப் பரிசம் போட்டிருந்த அலங்காநல்லூர் செல்லக்கிளியோ, “கழட்டி மாட்டுற பல்லோட வந்தா கழுத்த நீட்ட மாட்டேன்” என்று சொல்லியனுப்பிவிட்டாள். அவள்மேல் உயிரையே வைத்திருந்தவன் நாள் எண்ணத் தொடங்கினான்.

தண்ணீர் தினமும் வந்தது. பல்லை மாட்டாத நாளில் மட்டும் வராது. சாண் உயர டம்ளருக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு அடி தெரியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். “மாப்ள, ஒத்தப் பல்லுக்கே இம்புட்டுத் தண்ணின்னா, செட்டே கட்டியிருந்தா வைகை அணைய இழுத்து மூடிருக்கலாம்டா” என்றான் கூட்டாளி மொக்கையன். மாடு குடித்தது, நெல் குடித்தது, மனுஷர் ஒருவரும் குடிக்கவில்லை. எச்சில் தண்ணீராம். அதில் விளைந்த நெல்லுச் சோற்றை மட்டும் மூன்று வேளையும் தின்றார்கள். குடிதண்ணீருக்குக் குடத்தோடு மூன்று மைல் நடந்தார்கள். வீம்புக்கு மருந்து ஏது?

அடுத்த வருஷம் ஆடியில், திருகாணி வந்துவிட்டது என்று டாக்டரின் கார்டு வந்தது. போகாதே என்று ஊர் சொல்லவில்லை. குடிக்காத தண்ணீரை எந்த முகத்தோடு கேட்பது? வாசலில் வந்து கூடி நின்றார்கள். கருத்தக்கண்ணன் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தான். நாலாம் நாள் செல்லக்கிளிக்கு எழுதினான்: ‘நான் பல் கட்டப் போகவில்லை. பயிர் பால் பிடிக்கிற நேரம். நீ வேறு இடம் பார்த்துக்கொள்.’

அவள் யாரிடமும் சொல்லாமல் ராத்திரி பஸ் ஏறி, அவன் பல்லை எடுத்து மாட்டுமுன் விடியலில் வந்து சேர்ந்தாள். வண்டிப்பாதையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள், அது பாய்ந்த பச்சையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பல் கிடந்த டம்ளரை அப்படியே எடுத்து, ஊர் பார்க்கக் குடித்தாள். எவ்வளவு குடித்தும் அது குறையவில்லை.

“நாளைக்கு இந்த ஆளு சாப்ட்ட எலையிலதான சாப்பிடப் போறேன்” என்றாள். “இத நான் குடிக்காம வேற யாரு குடிப்பா?”

ஆவணியில் கல்யாணம். பந்தியில் அந்தத் தண்ணீரைத்தான் வைத்தார்கள். திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த பீர் முகமது இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். திருகாணி வந்தபடியே அவர் சட்டைப்பையில் திரும்பிப் போனது.