சட்டையா, தொப்பையா?

லிஃப்ட் மெக்கானிக் அக்காவைக் கட்டியவர். பஸ் டிரைவர் தங்கையைக் கட்டியவர். மாமியார் இரு மருமகன்களுக்கும் ஒரே அளவில் வெளிர்நீல லையோசெல் சட்டை வாங்கித் தந்திருந்தார். மரக்கூழிலிருந்து எடுக்கும் நூலாம். தொட்டால் கை வழுக்கிக்கொண்டு போகும்.

சில சலவைகளுக்குப் பிறகு மெக்கானிக் கையைத் தூக்கினால் தொப்புள் எட்டிப் பார்த்தது.

"சட்டை சுருங்கிடுச்சு" என்றார்.

"சட்டையா? கண்ணாடி முன்னால பக்கவாட்டுல நின்னு பாருங்க" என்றாள் மனைவி.

எதையும் அளந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சட்டையும் கையுமாக எதிர்க் கட்டடத்திலிருந்த சகலை வீட்டுக்குப் போனார். இரண்டு சட்டைகளையும் கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார்கள். மெக்கானிக்கினுடையது இரண்டு விரற்கடை குட்டை.

"சகல, நீங்க எப்படித் துவைப்பீங்க?"

"பச்சத் தண்ணியில, மிஷினை மெதுவா சுத்தவிட்டு. எங்ககிட்டதான் டிரையர் இல்லையே, உதறி நிழல்ல ஹேங்கர்ல மாட்டிடுவேன்."

"நான் சுடுதண்ணியில போட்டு, டிரையர்லயும் நல்லா சூடா ஓட்டுவேன்."

"அப்ப வேலையைக் காட்டினது சுடுதண்ணியா, டிரையரா?"

அந்தக் கேள்வி மெக்கானிக்கை விடவில்லை. வீட்டில் அதே துணியில் மூன்று புதுத் தலையணை உறைகள் இருந்தன. முதலாவதைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டார். இரண்டாவதைச் சுடுதண்ணீரில் துவைத்து அதன் பக்கத்தில் மாட்டினார். மூன்றாவது, பச்சைத் தண்ணீரில் நனைந்து டிரையருக்குள் போனது.

"உறையை எல்லாம் என்ன பண்றீங்க?" என்று சண்டைக்கு வந்த மனைவி, விஷயம் தெரிந்ததும் தானே அளவு நாடாவைப் பிடித்தாள். முதல் உறை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இரண்டாவது கொஞ்சம் குறைந்திருந்தது. டிரையரில் போனதுதான் நன்றாகவே சுருங்கியிருந்தது.

அவள் முகம் மாறியது. "அப்ப என் சாம்பல் கலர் கவுன்? நான் குண்டாயிட்டேன்னு நெனச்சுல்ல அதைத் தங்கச்சிகிட்ட குடுத்தேன்!"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தார். பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நோகாமல் இழுத்து, மேசைமேல் பரப்பிக் காயவிட்டார்கள். ஒரு விரற்கடை திரும்பி வந்தது. மற்றது வரவே இல்லை.

மனைவி தங்கைக்குப் போன் செய்தாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறியா? எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குக்கா."

"சரி, நீயே வச்சுக்கோ. ஆனா டிரையர் மட்டும் வாங்கிடாதடி!"