ஒரே தடவைதான் விழுந்தார்

ஒன்பதரைக்கு வரச்சொன்ன டாக்டர் பதினொன்றேகால் ஆகியும் கூப்பிடவில்லை. நரம்பு டாக்டர், இந்த நாள் கிடைக்க இரண்டரை மாதம் தவம் கிடந்திருக்கிறேன். அப்பாவின் நடை சில மாதங்களாகவே சரியில்லை. குளியலறையில் ஒருமுறை விழுந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மீதியை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் நமக்கு மயக்கம் வந்துவிடும்.

"உள்ள போனதும் எல்லாத்தையும் சொல்லிடுங்கப்பா. போன தடவை மாதிரி மழுப்பாதீங்க."

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? எனக்கு ஒண்ணுமில்ல."

போன தடவை வேறொரு டாக்டரிடமும் இதையேதான் சொன்னார். அந்த டாக்டரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கல்லிலே நார் உரித்தாலும் உரிக்கலாம், இவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ரப்பர் அண்ணன் இருந்தால் வாங்கியிருப்பார். சமையலறை அலமாரி வடிவமைக்கும் கடையில் பத்து வருடம் எனக்குப் பக்கத்து மேஜை. வரைவதைவிட அழிப்பது அதிகம், அதனால் அந்தப் பெயர். "எது வேணாலும் சரிங்க" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்தபின் சண்டைக்கு வருகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும் நிதானமாக, பாத்திரம் கழுவும் தொட்டியைக் கதவுக்குப் பின்னால், அடுப்பைக் காற்றடிக்கிற ஜன்னலோரம் என்று வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று வரைந்து காட்டுவார். "ஐயையோ, அங்க வச்சா எப்படி?" என்று பென்சிலைப் பிடுங்கி அவர்களே வரைய ஆரம்பிப்பார்கள். "கேட்டா சொல்ல மாட்டாங்கம்மா. தப்பா சொல்லு, திருத்தாம தூங்க மாட்டாங்க" என்று கண்ணடிப்பார். போன வருடம் மகனோடு இருக்கப் போய்விட்டார். பாவி மனுஷன், அவர் போனதிலிருந்து கடையில் சிரிப்பே இல்லை.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள்.

"என்ன தொந்தரவுங்க ஐயா?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்லம்மா. பொண்ணுதான் வீணா பயப்படுறா."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை மாதம் ஒரு நிமிடத்தில் முடியப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

"ஆமா டாக்டர், ஒரே தடவைதான் விழுந்தார். அதுவும் எங்கம்மா தரையைத் துடைக்காம ஈரமா விட்டுட்டாங்க. அவங்க எப்பவும் அப்படித்தான், பொறுப்பே கிடையாது."

அப்பா என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது.

"அவ மேல ஏன் பழியப் போடற? தரை காஞ்சுதான் இருந்துச்சு. எனக்குத்தான் இடது கால் திடீர்னு இல்லாத மாதிரி ஆயிடுது. நாலு தடவை விழுந்திருக்கேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

"கடைசியா எப்போ விழுந்தீங்க?"

அப்பா இப்போது என்னைப் பார்க்கவில்லை.

"போன மாசம், மாடிப்படியில. இவ குழந்தையைத் தூக்கிட்டு இறங்கினேன். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லைங்க. நான் அடியில விழுந்துட்டேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு மாதமாக என் மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாலும் அப்பா தூக்குவதில்லை. வயசானா பாசம்கூட வத்திடுமாப்பா என்று போன வாரம் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் கேட்டிருந்தேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.