ஐந்தாவது உண்டியல்

எலி மருந்தை உண்டியல் பொம்மைக்குள் வைக்கலாம் என்று தோன்றியபோது மெர்சி தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அவள் கணவன் ஜெரோம் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து விரிசலோடு வரும் பொம்மைகளை ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்தப் பக்கத்துத் தெருக்களில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காது போன முயலோ மூக்கில்லாத பூனையோ வரவேற்கும். மெர்சி வீட்டில் உண்டியல் பொம்மைகள் மட்டுமே ஏழெட்டு இருந்தன. காசை எடுக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை. அதை அடைக்கும் ரப்பர் மூடி மட்டும் கிடையாது. அந்த ஓட்டையில் சுண்டெலி நுழையும். நான்கு வயது லிடியாவின் கை நுழையாது. பத்து மாத ஆரோனுக்குப் பொம்மையைத் தூக்கவே வலுவில்லை. இதைவிடப் பத்திரமான இடம் வேறென்ன இருக்கிறது?

"மருந்து மட்டும் வேணாம் மெர்சி. சின்னப் புள்ளைங்க இருக்குற வூடு. சனிக்கெழம கூண்டு வாங்கியாரேன்" என்று ஜெரோம் சொல்லியிருந்தான். அந்தச் சனிக்கிழமை போயிற்று. அடுத்ததும் போயிற்று. இடையில் பால் புட்டியின் ரப்பர் காம்பை எலி கடித்துவைத்தது. தொட்டில் துணியை உதறியபோது எலிப் புழுக்கை எள்ளு போல உதிர்ந்தது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். ஜெரோமிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் வேண்டாம் என்பான், கூண்டு எங்கே என்று இவள் கேட்பாள், அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குக் கிளம்பியதும், பச்சை நிற மருந்துக் கட்டி ஐந்தை ஐந்து உண்டியல்களில் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒன்று, கட்டிலடியில் ஒன்று, பரண்மேல் மூன்று என்று வைத்தாள். வைத்துவிட்டுக் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் பதினொரு மணிக்குத் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கட்டிலடியில் இருந்த யானை உண்டியல் லிடியாவின் கையில் தலைகீழாக இருந்தது. அவள் அதை விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரோன் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

மெர்சிக்கு முதலில் வந்த நினைப்பு, 'ஜெரோமுக்கு என்ன பதில் சொல்லுவேன்' என்பது. அதற்கப்புறம்தான் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்கூட இருந்திருக்காது. ஆனாலும் எது முன்னால் வந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய் ஆரோனின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். எச்சிலும் இரண்டு பற்களும்தான் இருந்தன. அவன் அவள் விரலைக் கடித்துவிட்டு அழுதான். யானையைப் பிடுங்கிக் குலுக்கினாள். சத்தமே இல்லை. ஓட்டை வழியே எட்டிப் பார்த்தாள். காலி.

"லிடியா, இதுக்குள்ளேர்ந்து என்னா வந்துச்சு?"

"காசு வருதான்னு பாத்தேம்மா."

"பச்சையா ஒண்ணு விழுந்துச்சா?"

"ம்."

"தம்பி தின்னானா?"

"ம்."

"நீ?"

"ம்."

மெர்சியின் அலறலில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் திட்டவில்லை. லிடியாவின் முகத்தை நிமிர்த்தி, "ஏண்டி, நேத்து ராத்திரி நம்ம தெருவுக்குப் புலி வந்துச்சே, பாத்தியா?" என்றாள்.

"ம்" என்றாள் லிடியா.

"கேட்டியா? இவகிட்ட கேட்டு ஆவறது ஒண்ணுமில்ல. எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். கெளம்பு."

"யக்கா, உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டா?"

"ஒண்ணும் குடுக்காத. எங்க அண்ணன் புள்ளைக்கு அப்புடித்தான் குடுத்துட்டு டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டோம். மருந்து அட்டைய எடுத்துக்க, அது போதும்."

ஆட்டோவில் ஏறியதும் மெர்சி ஜெரோமுக்குப் போன் செய்தாள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பட்டறை இரைச்சல் மட்டும் கேட்டது.

"மீதி நாலும் எங்க?" என்றான் பிறகு.

"வச்ச எடத்துலதான் இருக்குது. காசியம்மாக்கா எல்லாத்தையும் பாத்துட்டாங்க. நாலுலயும் மருந்து அப்படியே கெடக்குது. யானையிலதான் இல்ல."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் வூட்டுக்குப் போறேன்."

எரிந்து விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அமைதியை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் படித்தார். பிள்ளைகளின் வாய், கண், வயிறு எல்லாம் பார்த்தார்.

"இது ரத்தத்தை உறையவிடாம பண்ற மருந்து. இப்ப புள்ளைங்க நல்லாத்தான் தெரிவாங்க. பாதிப்பு இருந்தா ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் காட்டும். நாளன்னைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இப்ப கொஞ்ச நேரம் இங்கயே இருங்க. எவ்வளவு தின்னாங்கன்னு தெரியுமா?"

"ஒரு கட்டி காணோங்க."

"தின்னதைப் பார்த்தீங்களா?"

"பாக்கலைங்க."

ஆரோனை மடியில் போட்டுக்கொண்டு மெர்சி பெஞ்சில் உட்கார்ந்தாள். லிடியா காசியம்மாளின் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டிருந்தாள். மெர்சி ஜெபம் சொல்லப் பார்த்தாள். பாதியில் நின்று நின்று போயிற்று. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது இது. அதுதான் அவளைக் குடைந்தது. கவனக்குறைவாய்ச் செய்திருந்தால்கூடத் தன்னை மன்னித்துவிடலாம்போல இருந்தது. அவன் வேண்டாம் என்றதைச் செய்துகாட்ட வேண்டும் என்ற வீம்பும் அதில் கொஞ்சம் கலந்திருந்ததை இப்போது தனக்குள் மறைக்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"மெர்சி, கெடச்சிடுச்சு."

"என்னாது?"

"கட்டி. முழுசா. ஒரு பல்லு படல. தும்பிக்கைக்குள்ள மாட்டிக்கினு இருந்துது."

அவளுக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாகச் சொன்னான். அவன் வேலையே அதுதான். களிமண் கரைசலை அச்சுக்குள் ஊற்றி, ஓரமெல்லாம் கெட்டி பிடித்ததும் மீதியைக் கவிழ்த்து வடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யும் பொம்மைக்கு வயிறு மட்டுமல்ல, தும்பிக்கையும் உள்ளே குழாய்தான். வெளியிலிருந்து வண்ணம் அடிக்கிறவர்களுக்கு அது தெரியாது. லிடியா குலுக்கிய குலுக்கில் கட்டி தும்பிக்கைக்குள் போய்ச் செருகிக்கொண்டுவிட்டது. வீடு பூராவும் தேடிவிட்டுக் கடைசியில்தான் அவனுக்கு அது உறைத்திருக்கிறது. யானையைச் சாக்கில் சுற்றிச் சுத்தியால் ஒரே போடு.

"நெசமாவா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலியே?"

"போட்டோ அனுப்புறேன் பாரு."

படம் வந்தது. உடைந்த பீங்கான் துண்டுக்குள் பச்சைக் கட்டி, நான்கு மூலையும் கூர் மழுங்காமல். மெர்சி அதை டாக்டரம்மாவிடம் காட்டினாள். டாக்டரம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"வீட்டுக்குப் போங்க. எதுக்கும் நாளன்னைக்கு ஒரு தடவ வந்து ரத்தத்தைப் பார்த்துடுங்க. புள்ளைங்க இருக்கற வீட்ல இதெல்லாம் வேணாம்மா. கூண்டு வைங்க, ஓட்டையை அடைங்க."

"ஏ புள்ள, இப்ப ஏன் அழுவுற?" என்று காசியம்மாள் அதட்டினாள். "வர்றப்ப அழுவாம இப்ப அழுவுறா பாரு. எம் வளையலக் கழட்டித் தரச் சொல்லு மொதல்ல."

வீட்டுக்கு வந்தபோது ஜெரோம் மீதி நான்கு கட்டிகளையும் கையில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு எடுத்து, டப்பாவில் போட்டு மூடி ஒட்டியிருந்தான். வாசலில் புதிதாக இரண்டு எலிக்கூண்டுகள் இருந்தன. அரிசியை மூட்டையிலிருந்து தகர டிரம்முக்கு மாற்றினார்கள். அடுப்படிச் சுவரோரத்தில் மூன்று எலி வளைகள் இருந்தன. பீங்கான் சில்லை எலி கொறிக்க முடியாது என்று, பிள்ளைகளைக் காசியம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்ச உண்டியல்களையும் சாக்குக்குள் போட்டு நொறுக்கினான். மெர்சி சிமெண்ட் குழைத்துக் கொடுத்தாள். அவன் சில்லைத் திணித்துத் திணித்துப் பூசினான்.

இன்னும் அவன் திட்டவில்லை. கடைசி வளையும் மூடியபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். யானைய அவ கையில பாத்ததும் எனக்கு மொதல்ல புள்ளைங்க நெனப்பு வரல. உங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் வந்துச்சு."

ஜெரோம் கரண்டியால் பூச்சை வழித்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கும் ஒண்ணு வந்துச்சு. ரெண்டு சனிக்கெழம கூண்டு வாங்காதத யார்கிட்ட சொல்றதுன்னு. போன்ல அதான் பேச்சு வரல."

மெர்சி அவனைப் பார்த்தாள். புருவத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் பசி தெரிந்தது. காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"கைய கழுவுங்க. சோறு போடறேன்" என்று எழுந்தாள்.