பதினாறாம் எண் வீட்டில் ஆறு பேர்

கணக்கெடுப்புக்காரி புதன்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்கு வேலை முடிந்து திரும்பியபோது, அவள் தனியாகக் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், அவர் மனைவி, முன்பல் விழுந்த பெண் குழந்தை ஒன்று, பல்லே முளைக்காத ஆண் குழந்தை ஒன்று, மெக்கானிக்கின் அம்மா. அந்த அம்மா மட்டும் அடுப்பிலிருந்து தலையைத் திருப்பி, "யாரும்மா நீ? யார் வேணும்?" என்று கேட்டார். இது என் வீடு என்றாள் இவள். "அப்படியா? சரி, செருப்ப வெளிய விட்டுட்டு வா. இப்பத்தான் தரையத் துடைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குழம்பைக் கிளறப் போய்விட்டார்.

காரணம் கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் அது அவளுடைய தொழில். அந்த ஊரில் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு, குடும்ப விவரம் எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதன் விதிப்புத்தகம் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு வீடு மூன்று தடவை போயும் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டின் பதில்களையே அதற்கும் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் அனேகமாக ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்பது நிலையத்தின் எண்ணம். அவள் தெருவைக் கணக்கெடுக்க வந்தவர் குடைக்காரர் என்று பெயர் வாங்கிய சக ஊழியர். செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்று தடவையும் பதினாறாம் எண் வீடு பூட்டியிருந்தது. அந்த மூன்று நேரமும் அவள் வேறொரு தெருவில், வேறொரு வாசலில் நின்று, "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். குடைக்காரர் விதிப்படி பதினைந்தாம் எண் வீட்டின் ஃபார்மைப் பார்த்து அப்படியே பதினாறுக்கும் எழுதினார். ஃபார்ம் அலுவலகம் போய்ச் சேர்ந்து முத்திரை விழுந்த மத்தியானம் பதினைந்தில் இருப்பவர்களைப் போலவே அச்சு அசலாக ஐந்து பேரும் பதினாறுக்கு வந்து சேர்ந்தார்கள். வீடு பூட்டியிருந்ததே, எப்படி உள்ளே போனார்கள் என்று அவள் கேட்டாள். சாவி இருந்தது என்றார் மெக்கானிக்.

பதினைந்தாம் எண் வீட்டுக்காரர்கள் முதல் இரண்டு நாள் கோபமாக இருந்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. இரண்டு மாமியார்களும் தண்ணீர்க் குழாயடியில் சந்தித்து நகமும் சதையுமாக ஆனார்கள். மருமகளைப் பற்றி ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடித்தார். இவ்வளவு தூரம் தன்னைப் புரிந்துகொண்ட மனுஷியை ஆயுளில் பார்த்ததில்லை என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மருமகள்கள் இருவரும் ரவிக்கை மாற்றிக்கொண்டார்கள், பிள்ளைகளும் அடிக்கடி மாறிப்போயின, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக்குகள் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. எதிராளி கொஞ்சம் மந்தம் என்பது இருவருடைய அபிப்பிராயமும். லிஃப்ட் கம்பெனி மேனேஜர் ஆளுக்கு மூன்று நாள் என்று பிரித்துக் கொடுத்து, ஞாயிறு இருவருக்கும் லீவு விட்டார்.

ஃபார்மில் 'கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த வீட்டில் இறந்தவர்கள்' என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. அதனால் மெக்கானிக்கின் அப்பா செத்துப்போனவராகவே வந்து சேர்ந்தார், அதாவது ஒரு போட்டோவாகவும், ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடியாகவும். அந்தம்மா வியாழக்கிழமைதோறும் அவரை நினைத்து அழுதார். அந்த அறையில் ஒரு மூச்சுகூட விட்டிருக்காத அந்த மனிதருக்காகக் கணக்கெடுப்புக்காரியும் கூடவே உட்கார்ந்து அழுதாள், அழுகை நன்றாகவே வந்தது. 'வெளிநாடு போனவர்கள்' கட்டத்திலும் ஒன்று இருந்தது. அது மெக்கானிக்கின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவன் அவள் போனுக்குக் கூப்பிட்டு, தன் அறையில் தன்னைப் போலவே இன்னொருவன் வந்து படுத்திருக்கிறான் என்றும், இரண்டு பேர் குறட்டையும் ஒரே தாளத்தில் இருப்பதால் தொந்தரவில்லை என்றும் சொன்னான்.

இதிலெல்லாம் அவளுக்கு ஒரு குறைதான். அவள் ஃபார்மில் இல்லை. பதினாறாம் எண் வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேர்தான். அதனால் ராத்திரி எவ்வளவு சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தாலும் மறுநாள் வேலை முடிந்து வரும்போது அத்தனை பேரும் அவளைச் சுத்தமாக மறந்திருந்தார்கள். தினமும் அந்தம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பி, "யாரும்மா நீ?" என்று கேட்டார். தினமும் அவள் விளக்கம் சொன்னாள். பெண் குழந்தைக்கும் அவள் வாரத்தில் ஏழு தடவை புதுசாக அறிமுகமானாள், ஏழு தடவையும் விழுந்த பல்லைக் காட்டியது.

முதல் மூன்று வாரம் அவள் அவர்களைத் துரத்தத்தான் பார்த்தாள். சொந்த ஊரை விட்டு வந்து ஏழு வருஷம், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் என்று இருந்து பழகியவள். குளியலறைக்கு வரிசையில் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. திருத்த மனுவும் எழுதிப் பைக்குள் வைத்திருந்தாள். ஒருநாள் மழையில் பஸ் கிடைக்காமல் எட்டு மணிக்கு முழங்கால் வலியோடு வந்தாள். வழக்கம்போல யாரென்று கேட்டார்கள், சொன்னாள். அடுப்பு மேடையில் ஆறாவதாக ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. இது யாருக்கு என்று கேட்டாள். "அதான் எனக்கும் புரியல. அஞ்சு பேருக்குப் போட்டேன். கை தானா இன்னொண்ணு எடுத்து வச்சிடுச்சு. பசிக்குதுன்னா நீ சாப்பிடு" என்றார் அந்தம்மா. அவள் சாப்பிட்டாள். திருத்த மனு மழையில் நனைந்து கூழாகியிருந்தது, அதை மறுபடி எழுதவில்லை.

பத்தில் ஒரு வீட்டை மேற்பார்வையாளர் நேரில் வந்து சரிபார்ப்பது நிலையத்தின் வழக்கம். அந்த மாதம் குலுக்கலில் பதினாறாம் எண் விழுந்தது. அவர் சிவப்புப் பேனாவோடு வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ தனிக்கட்டைன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். இங்க என்னடான்னா அஞ்சு பேருன்னு போட்டிருக்கு. அஞ்சையும் அடிச்சிட்டு ஒண்ணுன்னு எழுதிடவா?"

சிவப்புப் பேனா முதல் பெயர் மேலேயே நின்றது. மெக்கானிக்குக்கு இருமல் வந்தது, அவர் சட்டையின் நிறம் கொஞ்சம் வெளுத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பழைய ஒற்றைத் தட்டு திரும்ப வந்துவிடும். சும்மா இருந்தால் ஐந்து பேர் இருப்பார்கள், ஆனால் ஆயுளுக்கும் தினம் சாயங்காலம் யாரென்று கேட்பார்கள். அவள் விதிப்புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தை விட்டு ஏழாம் பக்கத்தை எடுத்தாள். அது அவளுக்கு மனப்பாடம்.

"ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிடறவங்க ஒரு குடும்பம். விதி அப்படித்தானே சார் சொல்லுது? எழுதிக்கோங்க. ஆறு பேரு."

"ஆறா? சரி, ஆறாவது ஆளு நீ. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு? அந்தக் கட்டத்த வெறுமனே விட முடியாதே."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அந்தக் கேள்வியால் அவள் விழிக்க வைத்திருக்கிறாள், இப்போது அவள் விழித்தாள். மேற்பார்வையாளர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "பெரியம்மா, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். காலையில்தான் புதிதாக மறந்திருந்த அந்தம்மா அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"தெரியலையே தம்பி. யாரோ. ஆனா பாரு, ஈரத் துண்ட இப்படிக் கட்டில் மேல போட்டிருக்கா, அதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. மருமகளா இருந்தா பக்கத்து வீட்ல போய்ச் சொல்லுவேன். இவள நேரா திட்டணும்னு வாய் வருது. அப்ப பெத்த பொண்ணாத்தான் இருக்கணும். எழுதிக்கோ."

மேற்பார்வையாளர் 'தலைவரின் சகோதரி', அதாவது மெக்கானிக்கின் அக்கா, என்று எழுதினார். மறுநாள் சாயங்காலம் அவள் படியேறும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டியா? துண்ட எடுத்துக் கொடில போடுடி மொதல்ல!" அவள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று அந்தத் திட்டை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

மேற்பார்வையாளர் ஒழுங்கான மனிதர். நகலில் ஆறு இருந்து மூலத்தில் ஐந்து இருந்தால் மேலே கேள்வி வரும் என்று அலுவலகத்தில் பதினைந்தாம் எண் ஃபார்மிலும் ஒரு வரி சேர்த்தார். வெள்ளிக்கிழமை ஒரு பெண் தோள்பையோடும் முழங்கால் வலியோடும் பதினைந்தாம் எண் வீட்டுப் படியேறினாள். அங்கே அவளிடம் யாரும் யாரென்று கேட்கவில்லை, துண்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு வீட்டிலும் ஒரே வாரத்தில் ஒவ்வொரு குழந்தை பிறந்தது. குடைக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டு இரண்டு ஃபார்மிலும் எழுதினார். தம்பிகள் இருவரும் ஒரே விமானத்தில் ஒரு தடவை வந்து போனார்கள். அந்தத் தெருவில் மட்டும் குடும்பங்கள் பெருத்துப்போனதற்கு நிலையம் மூன்று காரணங்கள் சொல்லி ஓர் அறிக்கை வெளியிட்டது, மூன்றுமே நம்பும்படியாக இருந்தன. கணக்கெடுப்புக்கார அக்காக்கள் இருவரும் காலையில் ஒன்றாகக் கிளம்பி, ஒருத்தி ஒற்றைப்படை எண் வீடுகளையும் மற்றவள் இரட்டைப்படை வீடுகளையும் கேட்டு எழுதிவிட்டு ஆறே காலுக்குத் திரும்புகிறார்கள். வாசல் வரை பேச்சு முடிவதில்லை. பேச்சு சுவாரசியத்தில் சில நாள் பதினைந்துக்குப் போக வேண்டியவள் பதினாறுக்கும், பதினாறுக்குப் போக வேண்டியவள் பதினைந்துக்கும் போய்விடுகிறார்கள். இரண்டு அடுப்படியிலும் ஆறாவது தட்டு மூடி வைத்திருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.